பாதித் தப்பு

முதல் அடியே ஃபிட்டரின் வாயில் விழுந்தது. கதவைத் திறந்து "வாங்க அண்ணி" என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் அவள் தம்பி பாய்ந்துவிட்டான்.

"நல்லாப் போடுடா! பொய் சொன்ன வாய்தானே அது!" என்றாள் அவள். அடிக்க வேண்டும் என்று அவள் வரவில்லைதான். ஆனால் இரத்தத்தைப் பார்த்ததும் அவள் வயிறு குளிர்ந்தது, அதை மறைப்பானேன்!

இரண்டு வருடத்துக்கு முன் பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரம் அவள் கணவரின் வலது கையை முழங்கை வரை தின்றுவிட்டது. உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்கிறவர், வேறு யாரும் சுவிட்சைப் போட முடியாதபடி, சுவிட்ச் பெட்டியில் தன் பூட்டை மாட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அதுதான் ஆலையின் விதி. ஷிஃப்ட் மாறும் அவசரத்தில் சுவிட்சைப் போட்டது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

"அன்னைக்கு அவர் பூட்டே மாட்டலைங்க" என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவன், கணவரோடு வேலை பார்த்த இந்த ஃபிட்டர். அவள் கையால் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பங்கு போட்டுத் தின்றவன்! "அப்படியானால் பாதித் தவறு உங்களுடையது" என்று நீதிபதி இழப்பீட்டைப் பாதியாக வெட்டிவிட்டார். வந்தது ஆஸ்பத்திரிக்கே சரியாய்ப் போயிற்று. செயற்கைக் கைக்கு வழியில்லை.

"பாதித் தப்பு என்னோடதுதான், விட்டுத்தொலை" என்று கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவர் அழுததைப் பார்த்தவளால் விட முடியுமா? ஃபிட்டர் சாட்சியை மாற்றிக் கையெழுத்துப் போட்டால் அப்பீல் போகலாம் என்று வக்கீல் சொன்னதும் தாளைத் தயார் செய்துகொண்டு கிளம்பிவிட்டாள். அதே ஆலையில் அவள் கணவரிடமே வேலை பழகிய தம்பி, விபத்துக்குப் பிறகு ஆலைப் பக்கமே போவதில்லை. வரமாட்டேன் என்று மல்லுக்கட்டியவனைத் தரதரவென்று இழுத்து வந்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லு! பூட்டு இருந்துச்சா, இல்லையா?"

ஃபிட்டர் வாயைத் திறந்தான். உடனே இன்னொரு குத்து. பல் ஒன்று சிமெண்ட் தரையில் தெறித்து விழுந்தது.

"அவனைப் பேச விடாதக்கா! பேசியே நம்மளக் கவுத்துருவான்!" தம்பிக்கு மூச்சிரைத்தது.

"சரி, பேச வேணாம்." அவள் தாளையும் பேனாவையும் தரையில் வைத்தாள். "இதுல கையெழுத்தப் போடு, போயிடறோம்."

ஃபிட்டர் பேனாவுக்குக் கையை நீட்டினான். தம்பி அந்தக் கையைச் செருப்புக் காலால் மிதித்து, கட்டிலடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து விரல்கள்மேல் ஓங்கிப் போட்டான். அலறல் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

"டேய் கிறுக்கா! கையெழுத்துப் போடற கையிடா அது!"

ஸ்பேனர் மறுபடி உயர்ந்தது, இந்தத் தடவை தலைக்கு. இவன் செத்துத்தொலைந்தால் அப்பீலும் போச்சு, தம்பிக்கும் ஜெயில்தான். பாய்ந்து தம்பியின் இடுப்பைக் கட்டி இழுத்துச் சுவரோரம் தள்ளினாள்.

"பூட்டு இருந்துச்சு அண்ணி" என்றான் ஃபிட்டர், இரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "என் கண்ணால பாத்தேன்."

"கேட்டியாடா தம்பி!" அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஃபிட்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அப்புறம் ஏன்டா பாவி பொய் சொன்ன? முதலாளிகிட்ட எவ்வளவு வாங்கின?"

"சத்தியமா இல்ல அண்ணி. ஆஸ்பத்திரியில அண்ணன்தான் மிச்சமிருந்த கையால என்னைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாரு. பூட்டு இருந்துச்சுன்னு சொன்னா, திறந்தது யாருன்னு போலீஸ் தோண்டும்னாரு."

"யாரு திறந்தது?"

அவள் முதுகுக்குப் பின்னால் ஸ்பேனர் தரையில் விழுந்தது.

"மாத்துச் சாவிய அண்ணன் உங்க தம்பிகிட்டதான் குடுத்து வெச்சிருந்தாரு, அண்ணி."