இரண்டாவது பெயர்

நூலகங்களுக்கான அந்த இலவச மென்பொருளில் யார் வேண்டுமானாலும் புதிய துணை நிரல் எழுதிச் சேர்க்கலாம்; ஆனால் அதைப் பராமரிக்க இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. தொலைந்த புத்தகங்களைத் தேடித்தரும் நிரல் ஒன்றை ஏழு மாதம் ஒண்டியாக உட்கார்ந்து எழுதி முடித்த சவரிராஜ், இரண்டாவது ஆளுக்கு எங்கே போவார்? குணபூஷணம் என்று வாயில் வந்த ஒரு பெயரைப் போட்டு, அந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் உண்டாக்கி அனுப்பிவிட்டார்.

மறுவாரம் நிரலைத் திறந்து பார்த்தால், அவர் மண்டையை உடைத்துக்கொண்டும் பிடிபடாத பிழையை குணபூஷணம் நான்கே வரியில் சரிசெய்திருந்தார்.

“நீங்களே திருத்திட்டு மறந்திருப்பீங்க,” என்றாள் மனைவி செலின்.

“எனக்கு இவ்வளவு அழகா எழுத வராதுடி.”

அன்று மாலை குணபூஷணத்தின் முகவரிக்கு மென்பொருளை நடத்தும் குழுவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. “தங்கள் நிரல் ஏற்கப்பட்டது. சவரிராஜ் என்பது விதிக்காகச் சும்மா போட்ட பெயர் என்று நீங்களே உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அந்தப் பெயரை நீக்கிவிட்டோம்.”

சவரிராஜ் விறுவிறுவென்று மறுப்பு எழுதினார். கடைசியில் கீழே பெயர் போடும் இடம் வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன.