பதினாலாம் படம்

டாக்டர் அருமைநாயகம் காயங்களைப் பற்றி எழுதும் மருத்துவப் புத்தகத்தைத் தட்டச்சு செய்வதும் படங்களை ஒழுங்குபடுத்துவதும் அவர் மனைவி ஸ்டெல்லாதான். பதினாலாம் படத்தில் வீங்கியிருந்த கன்னம் அவளுடையது. அறைந்த கையோடு, "அடிச்சது அடிச்சாச்சு, புத்தகத்துக்காவது ஆகட்டும்" என்று சொல்லி அவர் எடுத்தது. ஆள் தெரியாமலிருக்க, கண்களுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டதும் அவள்தான். இன்றைக்குப் பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினாலாம் படம் கலங்கலாக இருக்கிறது, காயத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலும் இல்லை, புதிதாக எடுத்து அனுப்பவும். அவர் அதைப் படித்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே உள்ளறைக்குப் போனார்.

"ஏட்டி, ஸ்கேலையும் கேமராவையும் எடுத்துட்டு வா."

"இந்தா வாரேன்" என்றாள்.

எழுந்திருக்குமுன் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தாள். பெண், வயது நாற்பத்தொன்று, கன்னத்தில் விரல் தடம். அதை அழித்துவிட்டு, ஆண், வயது ஐம்பத்தாறு என்று அடித்தாள். என்ன காயம், எந்த இடத்தில் என்பதை மட்டும் எழுதாமல் விட்டாள். கேமராவைக் கழுத்தில் மாட்டி, ஸ்கேலை இடது கையில் எடுத்துக்கொண்டு, உள்ளறைக்கு நேர்வழி இருக்க, அடுக்களை வழியாகச் சுற்றிப் போனாள்.