கல்குவாரிப் பக்கம்

ஏப்ரல் 24, வெள்ளி. இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சுற்றைத் திசை மாற்றி வரைந்து, குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

அனுப்பும் முன் மூன்று முறை சரிபார்த்தேன். தூரத்தைப் பார்த்தேன், வழியில் குடிநீர்க் குழாய் எங்கெங்கே என்று பார்த்தேன். அம்புக்குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

தாளில் ஒரு வித்தியாசமும் இல்லை. கிளம்பிய சதுக்கத்துக்கே திரும்பி வரும் சுற்று. எந்தப் பக்கம் போனாலும் அறுபத்திரண்டு கிலோமீட்டர், தொள்ளாயிரம் மீட்டர் ஏற்றம். மேலே 'மிதமானது' என்று போட்டிருந்தேன்.

சாலையில் வித்தியாசம் உண்டு. அணைக்கட்டுப் பக்கமாகப் போனால் பைன் மர நிழலில் மெல்ல மெல்ல மலை உச்சியிலுள்ள கணவாய்க்கு ஏறிவிடலாம். கல்குவாரிப் பக்கமாகப் போனால் அதே உயரத்தை மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஏற வேண்டும். நிழல் கிடையாது.

மாலை வகுப்பு முடிந்ததும் நேராகச் சதுக்கத்துப் பாருக்குப் போனேன். டெல்மோ உட்கார்ந்திருந்தார். இறைச்சிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர். தவறைச் சொன்னேன். உடனே திருத்தி அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

அவர் ஆலிவ் கொட்டையைத் தட்டில் துப்பினார்.

"திருத்தாதே. இப்படியே இருக்கட்டும்."

நான் புரியாமல் நின்றேன்.

"நிக்காசியோவால போன வாரமும் உச்சியில நின்னு நின்னு, போட்டிருந்த வேர்வைச் சட்டையோட விறைச்சுப் போனோம். கீழ ஊருக்குச் சாப்பிடப் போனா முட்டையும் தீர்ந்துபோச்சு, தொத்திறைச்சியும் தீர்ந்துபோச்சு. வராதேன்னு அவர்கிட்ட யாரு சொல்றது? நீ சொல்றியா? மலை சொல்லட்டும்."

நிக்காசியோ பள்ளிப் பேருந்து ஓட்டியவர். போன இலையுதிர் காலத்தில் இதயத்தில் அறுவை சிகிச்சை. எனக்கு முன்னால் குழுவுக்குப் பாதை வரைந்தவர் அவர்தான். மிதமான சுற்றுகளுக்கு மட்டும் மருத்துவர் அனுமதி கொடுத்திருக்கிறார். கண்விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஞாயிறு எந்தக் கணவாய் என்பதுதான் என்று அவருடைய மகள் சொன்னாள்.

எங்களிடம் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எவ்வளவு மெதுவாக ஏறி வந்தாலும் உச்சியில் காத்திருப்போம். ஏற்றத்தில் கால் தரையில் பட்டுவிட்டால், அடுத்த வாரத்திலிருந்து அவர் புதன்கிழமைக் குழுவோடு அணைக்கரைச் சமதளத்தில் ஓட்டுவார். போ என்று யாரும் சொல்வதில்லை. அவராகவே போய்விடுவார்.

"அவர் காலை ஊன்றலேன்னா?" என்று கேட்டேன்.

"ஊன்றுவார். மனுஷன்தானே."

அப்போதுதான் நிக்காசியோ உள்ளே வந்தார். கையில் கைபேசி, அதில் என் வரைபடம். நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"கல்குவாரிப் பக்கமாவா! அடப்பாவிங்களா! அனிசேத்தோவை இப்படித்தானே கழட்டிவிட்டோம், டெல்மோ? பாதை போட்டது நானாச்சே, எனக்குத் தெரியாதா?" மேசையைத் தட்டினார். "சொல்லு, இந்தத் தடவை யாரு?"

நான் காபி வாங்கி வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

பாட்டில்களுக்குப் பின்னால் நீளமாக ஒரு கண்ணாடி. அதில் பார்த்தேன். டெல்மோவின் முகவாய் லேசாக உயர்ந்து என் முதுகைக் காட்டியது.

நிக்காசியோ என் முதுகைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் இறங்கின. வாசலில் இழுத்துப் பிடித்த மூச்சை அப்போதுதான் விட்டார் போலிருந்தது. அவ்வளவு சத்தமாக ஏன் சிரித்துக்கொண்டு வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காபிகளோடு திரும்பினேன். அவரே எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். தோளில் கை வைத்தார்.

"அருமையான சுற்று, தம்பி. ஒரே ஒரு குறைதான். கணவாய்க்கு முன்னாடி அந்த மாதா கோயில் மேட்டையும் சேர்த்துடு. மேலேர்ந்து பார்த்தா பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும். நீ இன்னும் பார்த்ததில்லையே?"

மாதா கோயில் மேடு சிமெண்ட் சரிவு. திருவிழா அன்று நடந்து போகிறவர்களே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள்.

டெல்மோ காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு வரை வந்தது. ஆனால் டெல்மோ முகவாயால் காட்டியது முழுப் பொய்தானா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை ஞாயிறுகளாக நிக்காசியோவுக்கு ஒரு சக்கரம் முன்னால், கடைசிக்கு முந்தியவனாக உச்சிக்கு வருகிறவன் நான்தான். அவர் வராமல் போனால், அங்கே நிற்பவர்கள் எனக்காகத்தான் குளிரில் விறைத்துக்கொண்டிருப்பார்கள்.

"சேர்த்துடறேன்" என்றேன்.

நிக்காசியோ டெல்மோவைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

நாளை: மாதா கோயில் மேட்டைப் பாதையில் சேர்க்க வேண்டும். மதியத்துக்குள் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும்.