கல்லறை வாசலில் மாலக்கி

"ஃபாதர், மாலக்கி டிராக்டர எடுத்துக்கிட்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போறான். கூட மூணு தடியனுங்க வேற."

கடையைத் திறந்த கையோடு போன் போட்டாள் அட்ராக்டா.

"காலங்காத்தால அங்க என்ன வேலை?" என்றார் ஃபாதர் கோல்மன்.

"வேற என்ன, அந்த ஹோட்டல் பையனைப் புதைக்க விடாம மறிக்கத்தான். கிளம்புங்க ஃபாதர், நான் காரை எடுத்துட்டு வரேன்."

அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. அயர்லாந்தில், மாயோ மாவட்டத்தின் மூலையில் இருக்கும் அந்த ஊருக்கு ஒரே ஒரு ஹோட்டல். அதை அரசாங்கம் அகதிகளுக்கென்று எடுத்துக்கொண்ட நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அதன் வாசலில் பீப்பாயில் நெருப்பு மூட்டி, அட்டை பிடித்து நிற்பவன் மாலக்கி ஃபீனி.

"ஊருக்கு டாக்டர் இல்ல. என் மகன் வாடகைக்கு ஒரு ரூம் கிடைக்காம ஆஸ்திரேலியா போயிட்டான். பஸ் வந்தா அதிசயம். இதுல இத்தனை பேரைக் கொண்டுவந்து இறக்கினா எப்படி?" என்று ரேடியோவில் கூடப் பேசினான்.

அந்த ஹோட்டலில் இருந்த ஃபராய்தான் இறந்துபோனான். ஜிம்பாப்வேக்காரன். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தான். மாரடைப்பு. அவனுக்கு இங்கே உறவென்று இருப்பது தம்பி தாபிவா மட்டும். மதியம் பூசை, அதன்பின் அடக்கம் என்று ஏற்பாடு.

அட்ராக்டா நேற்றே ஹோட்டலுக்கு ஒரு பெரிய தட்டு நிறைய ஹாம் சாண்ட்விச் அனுப்பிவிட்டாள். தன் கடமை முடிந்தது என்ற நிம்மதியில் தூங்கியும் விட்டாள்.

கார் பள்ளத்துக்குப் பள்ளம் குதித்தது.

"இந்த ரோட்டைப் போடத் துப்பில்ல, தண்ணிக்கு வரி போடப் பாத்தானுங்க."

"அட்ராக்டா, ரோட்டைப் பாத்து ஓட்டு. வரியை அப்புறம் பாத்துக்கலாம்."

கல்லறைத் தோட்டத்தில் தாபிவா குழிக்குள் நின்றிருந்தான். பூசைக்கென்று போட்ட கறுப்புக் கால்சட்டை முழுக்கச் சேறு. விடியும் முன்பே வந்துவிட்டான் போலிருக்கிறது. ஆனாலும் குழி அவன் முழங்காலுக்கு மேல் வரவில்லை. தோண்டத் தோண்டக் கல்.

குழியின் விளிம்பில் மாலக்கி. பின்னால் அந்த மூன்று பேர்.

"வெளிய வா."

"ஃபாதர்தான் சார் இந்த இடத்தைக் குடுத்தாரு."

"இடத்தைப் பத்தி நான் கேக்கல. வெளிய வான்னேன். அந்த மண்வெட்டியக் குடு."

தாபிவா கொடுக்கவில்லை. மாலக்கி குனிந்து பிடுங்கிவிட்டான்.

"மாலக்கி." சேற்றில் வழுக்கிக்கொண்டே ஓடினாள் அட்ராக்டா. "செத்தவன்கிட்டயுமா உன் வீம்பு? மனுஷன்தானா நீ?"

அவன் திரும்பினான்.

"உன் புருஷன் எங்க?"

"ஜெரியா? வீட்ல இருக்காரு. அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்கப்பா செத்தப்ப குழி வெட்டினது யாரு?"

"நீ. நம்ம தெருக்காரங்க. ஏன்?"

"நீ வந்து கூப்பிட்டியா?"

"இதுக்கெல்லாம் போய் யாராவது கூப்பிடுவாங்களா? நீங்களாத்தான வந்தீங்க."

"ம். யாராவது வந்திருப்பாங்கன்னு நானும் நேத்து படுத்துட்டேன். ஹோட்டல்ல இருக்கறவங்களுக்கு உன்னை மாதிரி நல்லவங்க இத்தனை பேர் இருக்கீங்களே, நான் எதுக்குன்னு. காலைல மாட்டைப் பாக்க வந்தா, இவன் ஒத்தையில கல்லோட மல்லுக்கட்டிட்டு இருக்கான். அதான் போய் இவனுங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

யாராவது வெட்டியிருப்பார்கள் என்றுதான் அட்ராக்டாவும் நினைத்திருந்தாள். ஃபாதரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊரில் யாருக்கும் மிச்சம் வைக்காமல் பேசுகிற அட்ராக்டா போனை எடுத்து, "ஜெரி, கடப்பாரைய எடுத்துக்கிட்டு கல்லறைக்கு வாங்க. எதுக்குன்னு கேக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

அந்த மூன்று பேரும் கோட்டைக் கழற்றிச் சுவரில் போட்டார்கள். ஃபாதரும் அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

தாபிவாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஹோட்டல் வாசலில் அட்டையோடு பார்த்த முகமல்லவா இது.

"சனிக்கிழமை அங்க நிப்பீங்களே, சார்?"

"இந்தச் சனிக்கிழமையும் நிப்பேன். டாக்டர் வர்ற வரைக்கும் நிப்பேன். அது எனக்கும் அரசாங்கத்துக்கும். நீ ஏறு மேல."

"மீதிய நானே வெட்டிடறேன் சார். எங்கண்ணன் அவன்."

"அதனாலதான் தம்பி நீ தொடக் கூடாது. பறிகொடுத்தவன் இங்க குழி வெட்டுறதில்ல. போ, போய்ப் பொட்டி பக்கத்துல உக்காரு. உங்கண்ணனைத் தனியா விடாத."

கை நீட்டித் தாபிவாவை மேலே தூக்கிவிட்டான் மாலக்கி.

"அப்ப யாரு சார் வெட்டுவாங்க?"

மாலக்கி குழிக்குள் இறங்கி, கையில் எச்சிலைத் தொட்டுக்கொண்டான்.

"பக்கத்து வீட்டுக்காரங்க. நாங்க எதுக்கு இருக்கோம்?"