அக்காவின் மதுக்கடை வழக்கு

"மாமா குடிச்சுக் குடிச்சுச் செத்தது இந்தக் கடையாலதான். அதே கடைக்கு லைசென்ஸ் கேட்டுக் கோர்ட்டு ஏறி நிக்கறியே, உனக்கே நல்லா இருக்காக்கா?"

கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா, தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தம் போடாதே. நம்ம கேஸைக் கூப்பிடப் போறாங்க."

தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மானம் கப்பலேறிக் கொஞ்ச நாளாகிவிட்டது. "சார், அக்கா கடையில நமக்குத் தள்ளுபடி உண்டா?" என்று டிரில் மாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்டபோது, அவருக்கு வேலையை விட்டே ஓடிவிடலாம் போலிருந்தது.

கண்ட நேரத்தில் விற்றதற்காக மாமாவின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். லைசென்ஸ் நின்ற கையோடு மாமாவின் மூச்சும் நின்றது. சனியன் ஒழிந்தது என்று குடும்பமே பெருமூச்சு விட்டால், அக்கா தடையை நீக்கி, லைசென்ஸைத் தன் பேருக்குப் புதுப்பித்துத் தரச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டாள்!

போட்டிக்கு லாட்ஜ் முதலாளி. லைசென்ஸ் எனக்குத்தான் வேண்டும் என்று அவரும் ஒற்றைக் காலில் நின்றார்.

உள்ளே அவருடைய வக்கீல் எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, இந்தம்மா புருஷனை இழந்தவர். இந்தத் தொழிலெல்லாம் ஒரு பெண்ணால் ஆகிற காரியமா? என் கட்சிக்காரர் ஏசி ஹாலே கட்டித் தயாராக வைத்திருக்கிறார்."

அக்கா தன் வக்கீலை முந்திக்கொண்டாள்.

"ஐயா, பொம்பளை நடத்தக் கூடாதுன்னு சட்டத்துல எங்க போட்டிருக்கு? தப்பு பண்ணினது அவர். போய்ச் சேர்ந்துட்டார். நான் என்னங்க ஐயா தப்பு பண்ணினேன்?"

பின் வரிசையிலிருந்து கைதட்டல். பழைய வாடிக்கையாளர்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். வாத்தியார் முகத்தைக் கைக்குட்டையால் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "லைசென்ஸைக் கொடுத்து, மறுபடியும் புகார் வந்தால்?"

"ஒரு புகார்கூட வராதுங்க. வந்தா நானே கொண்டாந்து உங்க மேஜை மேல வெச்சுடறேன்."

அந்தக் குரலில் இருந்த உறுதி நீதிபதிக்குப் பிடித்துப் போயிருக்க வேண்டும். கணவர் செய்த தவறுக்கு மனைவியைத் தண்டிக்க முடியாது, தடை நீங்கியது, லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். லாட்ஜ் முதலாளி தன் வக்கீலை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வெளியேறினார்.

வாசலில் விசில் பறந்தது.

"அக்கா, கடை எப்போ?"

"முதல்ல வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைங்க முகத்தைப் பாருங்கப்பா" என்று சிரித்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள் அக்கா.

பக்கத்தில் வாத்தியார் உர்ரென்று உட்கார்ந்தார்.

"ஜெயிச்சுட்ட. சந்தோஷமா? நாளைக்கு எத்தனை பொம்பளைங்க உன் வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தப் போறாங்கன்னு தெரியுமா?"

"எதுக்குத் தூத்தணும்? கடையைத் திறந்தாத்தானே!"

"என்னது?"

"ஒரு பாட்டில்கூட வாங்கப் போறதில்லடா. விக்கவும் போறதில்ல."

வாத்தியாருக்குத் தலை சுற்றியது. "அப்புறம் எதுக்கு இத்தனை அலைச்சல்? என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"உன் வாய்ல எது நின்னிருக்கு? லாட்ஜ்காரர் காதுக்குப் போயிருந்தா லைசென்ஸ் அவர் கைக்குப் போயிருக்கும்."

அக்காவின் முகம் ஜொலித்தது. கல்யாணத்தன்றுகூட அவளை இவ்வளவு சந்தோஷமாக வாத்தியார் பார்த்ததில்லை.

"நம்ம வட்டாரத்துக்கே ஒரு லைசென்ஸ்தான். அது என் பீரோவுல கிடக்கிற வரைக்கும் வேற எவனும் இங்க கடை போட முடியாது. குடிச்சுச் செத்த கடைசி ஆள் உன் மாமாவாவே இருக்கட்டும்டா."