வாசலான் முகத்தில் விழுந்த வெளிச்சம்

பெருங்குடல் என்கிற நீண்ட தெருவின் கடைசி வாசலில் வாசலான் என்றொரு செல் குடியிருந்தது. அந்தத் தெருவுக்கு விருந்தாளி வருவதென்றால், முந்தின நாளே பேதி மருந்து இறங்கித் தெருவைக் கழுவிவிடும். அதுதான் வழக்கம். ஒருநாள் கழுவாத வாசலிலேயே மெலிந்த ஒளிக்குச்சி ஒன்று வந்து நின்றதும், வாசலானுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உள்ளே வாங்களேன்," என்று இழுத்தது.

"வேண்டாங்க. உங்க முகத்தைப் பார்த்தாலே போதும்." குச்சி வெளிச்சத்தை அடித்தது.

"எனக்கு ஒரு குறையும் இல்லையே?"

"உங்களுக்கு இல்லைங்க. உள்ளே யாரோ புற்றுநோயா மாறப் பார்க்கறாங்க. அந்தச் சாயல் உங்க முகத்துல தெரியுது."

"யாருங்க அது?"

"அதைத் தேடறது என் வேலை இல்லை. அதுக்கு வேற ஆள் வரும்," என்று சொல்லிவிட்டுக் குச்சி போய்விட்டது.

வாசலான் அக்கம்பக்கத்துச் செல்களை விசாரித்தது. எல்லாரும் சௌக்கியம் என்றே சாதித்தார்கள். அதன் குழப்பம் இன்னும் கூடியது.

சில நாளில் மருந்து இறங்கியது; தெரு பளபளத்தது. பின்னாலேயே வந்த கேமரா, வாசலானை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே உள்ளே போனது. மேல்வளைவில் சத்தமில்லாமல் பருத்துக்கொண்டிருந்த கட்டியை வெட்டிக் கவ்விக்கொண்டு திரும்பியது.

"யாரோ காட்டிக்கொடுத்துட்டாங்க," என்று தெருவே முணுமுணுத்தது.

வாசலான் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தது.

"எவன்னு மட்டும் தெரியட்டும். இந்த வாசல் பக்கமே நிக்க விடமாட்டேன்!"