அறுத்த கார்

மனைவி இறந்த பிறகு, விற்க மனம் வராத காரை, தான் பாடம் எடுக்கும் மெக்கானிக் பயிற்சிக்கூடத்துக்கே அவர் கொடுத்துவிட்டார். உள்ளமைப்பு தெரிவதற்காக ஓட்டுநர் பக்கத்தை முழுதாக அறுத்தெடுத்து, எஞ்சினின் வயிற்றையும் திறந்துவைத்தார்கள். முன்னால் அவள் உட்காரும் இருக்கை மட்டும் மிஞ்சியது.

தினமும் காலையில் அது பின்னால் சாய்ந்து கிடந்தது. நெடும்பயணங்களில் அவள் அப்படித்தான் சாய்த்துக்கொண்டு தூங்குவாள்.

நிமிர்த்தி வைத்தார். கூடத்தின் பூட்டை மாற்றினார். “யாருடா சீட்டுல கை வெச்சது?” என்று மாணவர்களிடம் கத்தியும் பார்த்தார்.

“சத்தியமா நாங்க இல்ல சார்.”

பிறகு கேட்பதை விட்டுவிட்டார். திறந்த எஞ்சினைச் சுழற்றிக் காட்டும் மின்மோட்டாரை ஓடவிட்டு, பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைத் தாழ்ந்த குரலில் விளக்கினார். வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, இருக்கையின் பக்கம் குனிந்தார்.

“இன்னும் வீடு வரல. நீ தூங்கு.”